அலுமாரிக்குப் பின்னால் இருந்த கோடு

நாங்கள் ஒருமுறை ஒரு வீட்டை அளவுக்கு மீறிச் சுத்தமாக்கிவிட்டோம். அதனால்தான் இன்று இந்த இத்தாலிய நகரத்தின் பிரான்காச்சோ பகுதியில், லிப்ட் இல்லாத கட்டிடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறோம். சாமான் பைகளோடு படி ஏறும்போது என் சின்ன மகள் மூன்றாம் மாடியில் ஒருதரம் நின்று, "அந்தக் கடல் வீட்டை ஏனப்பா விட்டனீங்கள்?" என்று கேட்பாள். மூத்தவளுக்குப் பதில் தெரியும். சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. வீடு பார்த்த நாட்களில் அவளுக்கு ஒரு பச்சைக் கோடு மட்டும்தான் நினைவிருக்கிறது. அவளுக்காகவும், கடலைக் குளிக்கிற இடமாக மட்டும் பார்க்கிற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளை மூத்தவள் திருத்தித் தருவாள்.

அதற்கு முன் நாங்கள் பல்லரோ சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மரக்கறிக் கடைக்கு மேல் வாடகைக்கு இருந்தோம். எட்டு வருடம். விடிய மீன்காரர் கூவுகிற சத்தத்தில்தான் எழும்புவோம். ஒரு நாள் வீட்டுச் சொந்தக்காரர் வந்து, சுற்றுலா ஆட்களுக்கு அறை அறையாக விடப்போகிறேன், கோடை லீவு முடிய முதல் வேறு இடம் பாருங்கள் என்றார். நாங்கள் பார்த்தோம். தொலைபேசியில் என் இத்தாலியன் பேச்சைக் கேட்டதும் பல வீடுகள் அந்த நிமிடமே வாடகைக்குப் போய்விட்டன. இனி வாடகைக்கு அலைவதில்லை என்று என் மனைவிதான் முடிவெடுத்தாள். இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை. நான் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறேன், அவள் மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு பணக்கார அம்மாவின், பங்களாவைத் துப்புரவு செய்கிறாள். வங்கியில் கேட்டோம். கொஞ்சம் தருவோம் என்றார்கள். அந்தக் கொஞ்சத்துக்கு இந்த நகரம் முழுவதிலும் எங்களுக்குப் பொருந்தியது ஒரே ஒரு வீடுதான்.

அது பிரான்காச்சோவுக்குக் கீழே, கடற்கரை வீதியில் இருந்தது. நிலத்தோடு கட்டிய வீடு. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, வாசலில் ஒரு எலுமிச்சை. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து பஸ் பிடித்துப் போனோம். வீட்டுக்காரர் மனைவியை இழந்த கிழவர், டொரினோவில் இருக்கும் மகளிடம் போய்விட நினைத்திருந்தார். அவர் முன்னறை ஜன்னலின் மரக்கதவைத் தள்ளினார். நான்கு பேரும் ஜன்னலடிக்கு நெருங்கினோம். ஜன்னல் முழுக்கக் கடல். வீதியைத் தாண்டி நாற்பது அடி நடந்தால் தண்ணீர். நானும் மனைவியும் மன்னாரில் பிறந்தவர்கள், கடல் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் வீட்டுக்குள் நின்றுகொண்டு, சட்டம் போட்ட படம் மாதிரி அதைப் பார்த்தது அதுதான் முதல்முறை. தூரத்தில் ஒரு கப்பல் எங்கள் ஜன்னலின் இந்தக் கரையில் புகுந்து அந்தக் கரையால் வெளியே போனது. சின்னவள் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இந்தக் கடலும் சேத்தோ வாங்கிறம்?"

கிழவருக்கு அதைச் சொன்னபோது சிரித்து, கடல் இலவசம் என்றார்.

இலவசம் இல்லை என்பதைப் பிறகு அறிந்தோம். இவ்வளவு நல்ல வீடு ஏன் இவ்வளவு மலிவு என்று என் மனைவி தன் சிஞ்ஞோராவிடம் கேட்டாள். அந்த அம்மா ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாராம். அவருடைய பங்களாவும் கடற்கரையில்தான் இருக்கிறது. காப்புறுதிக் கட்டணத்தை வருடா வருடம் ஏற்றிக்கொண்டே வந்தவர்கள், இந்த முறை புயலில் கடல் ஏறி வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். பக்கத்து இரண்டு பங்களாவும் விற்பனைக்கு வந்திருந்தன. வசதியுள்ளவர்கள் மேட்டுப் பக்கம் போகிறார்கள், அவர்கள் விட்டுப்போகும் கரையில் விலை இறங்குகிறது, இறங்கிய விலையைப் பார்த்து எங்களைப் போன்றவர்கள் போய்ச் சேருகிறோம். இன்னும் வராத தண்ணீர், வருவதற்கு முன்பே ஆட்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தது.

காப்புறுதி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் சங்கத்தில் யாராவது இறந்தால் உடலை ஊருக்கு அனுப்புவதற்கு எல்லாக் குடும்பமும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்பது உங்களுக்குத் தெரியும். யார் வீட்டில் முதலில் நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் மனம் கோணாமல் கொடுக்கிறார்கள். கடற்கரை வீதியில் அப்படி இல்லை. எந்த வீட்டுக்குத் தண்ணீர் முதலில் வரும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு, தூரத்தில் இருப்பவன் கொடுக்கிற அதே அளவை ஓரத்தில் இருப்பவன் கொடுத்தால் போதாது என்கிறார்கள்.

வங்கி சொன்னது சுருக்கமானது. காப்புறுதி இல்லாமல் கடன் இல்லை. காப்புறுதிக் கடையில் இருந்தவர், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் என்றால் முதலில் பெரித்தோ வந்து பார்க்க வேண்டும் என்றார். பெரித்தோ என்பவர் வீட்டைப் பார்த்து, ஆபத்தை அளந்து, எழுதிக் கொடுப்பவர். தண்ணீர் வந்த அடையாளம் இல்லை என்று எழுதினால் சாதாரணக் கட்டணம். இருக்கிறது என்று எழுதினால் மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்றால் எங்கள் சம்பளத்துக்குள் கடன் அடங்காது. அந்த வீடு எங்களுக்கா இல்லையா என்பது, யாரோ ஒருவர் ஒரு மணித்தியாலம் வந்து பார்த்துவிட்டுப் போவதில் தொங்கியது.

பெரித்தோ திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை நாங்கள் வாளியும் பிரஷும் மொப்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கிழவர் வீட்டுத் திறப்பைக் கையில் தந்துவிட்டு, அன்று முழுக்கப் பக்கத்து வீட்டில் போய் இருந்தார். இன்னும் எங்களுடையதாகாத வீட்டை ஏன் கழுவப் போனீர்கள் என்று இத்தாலிய நண்பர் ஒருவர் பிறகு கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. வீடு பார்க்க ஒருவர் வருகிறார் என்றால் எப்படிக் கழுவாமல் விடுவது? வந்தவர் செருப்போடு அழுக்கை மிதித்துப் பார்ப்பதா? அதோடு இது எங்கள் தொழில். மற்றவர்களின் வீட்டை இத்தனை வருடம் மினுக்கிவிட்டு, நாங்கள் குடிவரப்போகும் வீட்டைக் காட்டும்போது மட்டும் கை குறுகுமா?

கிழவர் தனியாக இருந்த வீடு. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தது. சுவரில், என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. குசினியில் தொடங்கி, முன்னறையைச் சுற்றி, படுக்கையறை வரைக்கும். அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேர். கோட்டுக்குக் கீழே பூச்சு பொரிந்து கிடந்தது. இது ஈரக்கசிவு, இந்தப் பழைய வீடுகளில் எல்லாம் உள்ளதுதான் என்று நான் நினைத்தேன். மூத்தவள் தங்கையைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி உயரம் பார்த்தாள். கோடு சரியாகச் சின்னவளின் தொப்புளில் வந்தது. இது உன்ர வயித்துக் கோடு என்று அவள் சொல்ல, சின்னவள் வீடு முழுக்க ஓடி, ஒவ்வொரு சுவரிலும் வயிற்றை ஒட்டிப் பார்த்தாள். எங்கே நின்றாலும் தொப்புள்தான்.

என் மனைவி மட்டும் ஒரு விரலால் கோட்டைத் தடவி நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு பிரஷை எடுத்தாள். அன்று நான் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிள்ளைகளை எலுமிச்சையடியில் விளையாட விட்டு, வினாகிரி போட்டுத் தேய்த்தோம், நல்ல தண்ணீரில் கழுவினோம், பொரிந்த இடங்களைச் சுரண்டி ஒரு கை வெள்ளை அடித்தோம். பின்னேரம் ஆகும்போது வீடு பளபளத்தது. படுக்கையறையில் சுவரை அடைத்து நின்ற கிழவரின் பெரிய அலுமாரியை மட்டும் இரண்டு பேராலும் அசைக்க முடியவில்லை. அதை விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை வந்தது ஒரு இளம் பெண். சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று வாசலில் நின்று கேட்டார். அந்தக் கேள்விக்கே நாங்கள் கழுவியது தகும் என்று எனக்குப் பட்டது. எனக்குச் சந்தையிலும் வேலையிலும் கதைக்கிற இத்தாலியன் வரும், தொழில் சொற்கள் வராது. அதனால் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்து மூத்தவளைப் பக்கத்தில் வைத்திருந்தேன். கிழவர் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பெண் வேலை செய்த விதம் எனக்கு இன்றும் அதிசயம். ஒரு முக்காலியில் தேங்காய் அளவு கருவி ஒன்றை நிறுத்தி வீதியின் உயரத்தையும் வாசற்படியின் உயரத்தையும் தரையின் உயரத்தையும் எடுத்தார். பிளக் பொயின்ற் ஒன்றைக் கழற்றி உள்ளே பார்த்தார். கதவு நிலையின் அடியில் முழந்தாளிட்டு விரல் நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இருந்தது. எல்லாம் பார்த்துவிட்டு எழும்பி, மகளிடம் ஏதோ சொன்னார்.

"அப்பா, இவ்வளவு துப்பரவான வீட்டை தான் பாத்ததே இல்லையாம். தண்ணி எப்பவாவது உள்ளுக்கு வந்ததோ எண்டு கேக்கிறா."

கேள்வி கிழவருக்கு. அவர் தோளை உயர்த்தி, மழைக்கு வாசற்படி நனைந்திருக்கும் என்றார். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். அடையாளம் ஒன்றும் இல்லை, அறிக்கை நல்லபடியாக வரும் என்றார். என் மனைவி பின்னால் நின்று என் முழங்கையை நுள்ளினாள். மூத்தவளுக்கு முகம் பூத்துவிட்டது, அவள் ஏற்கெனவே அந்த ஜன்னலுக்குக் கீழே தன் மேசையைப் போட்டு வைத்திருந்தாள், மனதில்.

அப்போது சின்னவள் சுவரோடு சுவராக நடந்துகொண்டிருந்தாள். வயிற்றை ஒட்டுவதும் குனிந்து பார்ப்பதுமாக. திடீரென்று அழுகிற குரலில் கேட்டாள்.

"அக்கா, என்ர வயித்துக் கோட்டை ஆர் அழிச்சது?"

அந்தப் பெண் கருவியை மடக்கிய கையோடு திரும்பி, குழந்தை என்ன தேடுகிறாள் என்று கேட்டார். மூத்தவள் வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். மொழி பெயர்க்க வந்த பிள்ளை. அவள் சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி அப்படியே தமிழில் கிடந்து போய்விடும்.

"என்னப்பா சொல்ல?" என்றாள் மெதுவாக.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது, அவள் நாக்கில் வைத்தது என்ன என்பதும். ஈரக்கசிவு மேலும் கீழுமாக ஏறும், இப்படி நேராக நிற்காது. வீட்டைச் சுற்றி நேராக நிற்பது தண்ணீர் ஒன்றுதான். அது சின்னவளுக்குத் தொப்புள் மட்டும். அதுவும் அவள் நின்றுகொண்டிருந்தால்தான். இரண்டு பிள்ளைகளும் அந்த அறையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தால்?

"உள்ளதைச் சொல்லு, பிள்ளை," என்றேன்.

அவள் சொன்னாள். நான் படுக்கையறைக்குப் போய் அலுமாரியில் தோளைக் கொடுத்தேன். அசையவில்லை. அந்தப் பெண் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மறுபக்கம் வந்தார். மனைவியும் வந்தாள். கிழவர் வாசலில் வந்து நின்றார், உதவவில்லை, தடுக்கவும் இல்லை. மூன்று பேருமாகத் தள்ளியபோது அலுமாரி முனகிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. பின்னால், நாங்கள் கை வைக்காத சுவரில், அந்தக் கோடு அப்படியே இருந்தது. உப்புப் பூத்து, வெள்ளையாக.

அந்தப் பெண் பென்சிலால் அதன் நுனியில் ஒரு சின்ன அடையாளம் போட்டார். பிறகு ஜன்னல்களை மூடச் சொன்னார். வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. மறுபடி முக்காலியை விரித்து, கருவியின் உயரத்தை அந்தப் பென்சில் அடையாளத்துக்குச் சரிசெய்து, ஒரு பொத்தானை அழுத்தினார்.

எப்படிச் சொல்வது? கருவியிலிருந்து பச்சை வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக அறையைச் சுற்றி ஓடியது. நாங்கள் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கிய சுவர்களில் அது திரும்பி வந்து நின்றது. நடுக்கதவைத் தாண்டி முன்னறைச் சுவரில் விழுந்தது. கிழவரின் கட்டிலை அறுத்துக்கொண்டு போனது. என் மனைவியின் பாவாடையில், முழங்காலுக்கு மேல் நின்றது. சின்னவளின் சட்டையில் சரியாகத் தொப்புளில் விழுந்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடிக்கப் பார்த்தாள், கை பச்சையானது. நாங்கள் எல்லோரும் கடலுக்குள் நின்றுகொண்டிருந்தோம். தண்ணீர் இல்லை, சத்தம் இல்லை. இவ்வளவு உயரத்தில் அது இந்த அறையில் ஒரு நாள் அசையாமல் நின்றிருக்கிறது. நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஜன்னலைத் திறந்த பிறகு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து மூத்தவளோடு நெடுநேரம் கதைத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"மறைக்கிறதுக்குப் பெயின்ற் அடிச்ச ஆக்களை நிறையப் பாத்திருக்கிறாவாம். மரியாதைக்குக் கழுவின ஆக்களை இப்பத்தான் பாக்கிறாவாம்."

தன் டப்லெட்டில் ஒரு வரைபடத்தையும் காட்டினார். நாங்கள் நின்ற வீதி, கோயில், பஸ் தரிப்பிடம், எல்லாம் மேலிருந்து தெரிந்தன. கரை ஓரமாக நீலம். விரலை நகர்த்தினால் வருடங்கள் நகர்ந்தன, நீலம் ஒவ்வொரு வீடாக ஏறியது. என் பிள்ளைகள் என் வயதுக்கு வரும்போது அந்த எலுமிச்சை நீலத்துக்குள் இருந்தது. யாரோ எங்கேயோ இருந்து காற்றையும் அலையையும் கணக்குப் போட்டு, அந்த வாசலுக்கும் கடலுக்கும் இடையில் உள்ள நாற்பது அடியைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அப்போ மீனெல்லாம் வீட்டுக்கை வருமோ என்று சின்னவள் கேட்க, முதலில் மீன் வரும், பிறகுதான் வங்கிக்காரர் வருவார் என்று அந்தப் பெண் சொன்னார். கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. திறப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, உன்னை நம்பித்தானே தந்தேன் என்றார். அவருக்கும் டொரினோ போக வேண்டும். அவருடைய விலையை நான்தான் அந்த அலுமாரியோடு தள்ளிவிட்டேன்.

மூன்று மடங்கு என்று கடிதம் வந்தது. வங்கி மரியாதையாக மறுத்தது. அந்தக் கிழமை முழுக்க மூத்தவள் என்னோடு சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மனைவி ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் உப்பு எண்டு தெரிஞ்சுதான் தேச்சனான். அந்த ஜன்னல் வேணும் எண்டு இருந்தது," என்றாள். எனக்கும் வேண்டும் என்றுதான் இருந்தது, அதனால்தான் கேட்கவில்லை என்றேன். பிறகு நாங்கள் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை. கோடை லீவு முடிய ஒரு கிழமை இருக்கும்போது இந்த நான்காம் மாடி வங்கி தரும் கடனுக்குள் விலைக்குக் கிடைத்தது. மேட்டுப் பக்கம் விலை ஏறிக்கொண்டிருந்தாலும், லிப்ட் இல்லாததால் ஒருவரும் கேட்காத வீடு. காப்புறுதிக் கடைக்காரர் முகவரியைத் தட்டிப் பார்த்து, ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வாங்கினார்.

அடுத்த வருட மாரியில் வடகிழக்கிலிருந்து மூன்று நாள் காற்று அடித்தது. நான்காம் மாடி வரை கடலின் சத்தம் கேட்டது. நான்காம் நாள் காலை கிழவர் தொலைபேசி எடுத்தார். தண்ணீர் போய்விட்டது, சேறு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். புயலுக்கு முதல் நாளே பக்கத்து வீட்டார் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் நான்கு பேரும் வாளிகளோடு பஸ் ஏறினோம்.

வீட்டில் எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. எலுமிச்சை சாய்ந்து கிடந்தது. அலுமாரி தானாகவே சுவரை விட்டு நகர்ந்திருந்தது, மூன்று பேர் தள்ளியும் ஒரு சாண் மட்டுமே போன அலுமாரி. பின்னால் பென்சில் அடையாளம் இன்னும் இருந்தது. புதிய கோடு அதற்கு மூன்று விரல் மேலே. சின்னவள் சேற்றுக்குள் போய்ச் சுவரோடு நின்று பார்த்தாள். அவள் ஒன்றரை வருடம் வளர்ந்திருந்தாள். புதிய கோடும் அவளுடைய தொப்புளில்தான் இருந்தது. மூத்தவள் தங்கையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பின்னேரம் வரை கழுவினோம். கடைசியாகக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் வந்தபோது நான் பிரஷை வாளிக்குள் போட்டுவிட்டேன். ஒரு சாண் அகலத்துக்கு அந்தக் கோட்டை அப்படியே விட்டேன். கிழவர் கதிரையில் இருந்து அதைப் பார்த்தார். எழும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் மாதத்தையும் வருடத்தையும் எழுதினார். இனி வீடு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் இதைக் காட்டுவேன் என்றார். வாங்குவார்களா என்று நான் கேட்கவில்லை.

"சிஞ்ஞோரா வீட்டிலை இப்பிடி ஒரு மூலையை விட்டிட்டு வந்தனெண்டால் அண்டைக்கே வேலை போயிருக்கும்," என்றாள் மனைவி, மொப்பைப் பிழிந்துகொண்டு.

பஸ்ஸில் சின்னவள் வெறும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். நான்கு மாடியும் நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூன்றாம் மாடியில் ஒருதரம் நின்றேன்.